ஜப்பானின் சின்னச் சின்ன பார்கள்: கைடுடன் போகலாமா, தனியாகவே போகலாமா?

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் கோல்டன் காய் என்றொரு இடம். ஆறு ஒடுங்கிய சந்துகள், அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி பார்கள். எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து நின்றுதான் வழிவிட வேண்டும். முதல்முறை போனபோது ஒரு கதவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. கதவில் கண்ணாடி இல்லை, விலைப் பட்டியல் இல்லை, கடையின் பெயர் மட்டும் ஜப்பானிய எழுத்தில். தள்ளித் திறப்பதா, பக்கவாட்டில் நகர்த்துவதா என்றுகூடத் தெரியவில்லை. திறந்த பிறகு உள்ளே இடம் இல்லையென்றால் என்ன சொல்வது? கடைசியில் திறக்காமலே திரும்பிவிட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் படம் போட்ட மெனு வைத்திருந்த பெரிய கடை ஒன்றில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்த் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து அதே சந்துக்கு ஒரு கைடுடன் போனேன். என்னோடு இன்னொரு தம்பதியும் வந்திருந்தார்கள். கைடு ஒரு கதவை ஒரு சாண் அளவு மட்டும் திறந்தார். தலையை உள்ளே நீட்டி, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி, நான்கு விரலைக் காட்டினார். கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண்மணி நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார். அவர் தன் கிளாஸையும் தட்டையும் எடுத்துக்கொண்டு ஓர் இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அந்த மாலைக்கு ஓர் ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் யென் கொடுத்திருந்தேன். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்குமேல். இந்தக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்று ஜப்பான் போகிற நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். சில கடைகளுக்குக் கண்டிப்பாக வேண்டும், பல கடைகளுக்கு வேண்டவே வேண்டாம். பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தெருவில் நின்றபடி கடைக்குள் பார்க்க முடிகிறதா? பார்க்க முடிந்தால் தனியாகப் போங்கள். முடியாவிட்டால் கைடுடன் போங்கள்.

முதலில் பார்க்க முடிகிற கடைகள். இசகாயா என்பது சரக்கும் சாப்பாடும் சேர்ந்து கிடைக்கிற இடம். வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும், கதவின் மேல் நோரென் என்கிற துணித் திரை ஆடும். திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். தாச்சினோமி என்றால் நின்றுகொண்டே குடிக்கிற கடை. யோகோச்சோ என்பது இந்த மாதிரிக் கடைகள் வரிசையாக நிற்கும் சந்து. ஷின்ஜுகு ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒமோய்தே யோகோச்சோ இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கள்ளச் சந்தையிலிருந்து வளர்ந்தது. 1999இல் அதில் ஒரு பகுதி தீயில் எரிந்து, திரும்பக் கட்டினார்கள். அங்கே பெரும்பாலான கடைகளுக்கு முன்பக்கச் சுவரே கிடையாது. கரி அடுப்பும், அதன் மேல் வரிசையாக அடுக்கிய கோழிக் குச்சிகளும், காலி நாற்காலியும் தெருவிலிருந்தே தெரியும். யுராக்குச்சோவில் ரயில் பாலத்தின் அடியில் இருக்கும் கடைகளும், உவேனோவில் அமேயோகோ சந்தையை ஒட்டிய கடைகளும் இப்படித்தான்.

இங்கெல்லாம் கைடு செய்வதை நீங்களே செய்துவிடலாம். எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். உட்கார்ந்ததும் முதலில் குடிக்க ஏதாவது சொல்ல வேண்டும், சாப்பாடு அப்புறம். எல்லாரும் சொல்வது "தொரியாஏஸு பீரு", அதாவது இப்போதைக்கு ஒரு பீர். ஆளைக் கூப்பிட "சுமிமாசென்" என்று கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். மெல்லச் சொன்னால் யாருக்கும் கேட்காது, உரக்கச் சொல்வதை யாரும் தவறாக நினைப்பதும் இல்லை. பில் வேண்டுமானால் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினால் போதும். டிப்ஸ் வைக்காதீர்கள். மறந்துவிட்டுப் போனதாக நினைத்துத் தெருமுனை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைப்பார்கள். அதன் பெயர் ஒதோஷி. ஒசாகா பக்கம் ட்சுகிதாஷி என்பார்கள். ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கோபப்படுவது இதைப் பார்த்துத்தான். அது உட்கார்ந்த இடத்துக்கான காசு, உள்ளூர்க்காரர்களும் கொடுக்கிறார்கள்.

தனியாகப் போவதில் செலவும் பாதிதான். தாச்சினோமிக் கடையில் இரண்டாயிரம் யென்னுக்குள் முடித்துக்கொள்ளலாம். "சென்பேரோ" என்று ஒரு சொல்லே உண்டு. ஆயிரம் யென்னில் போதையேறுவது என்று அர்த்தம். இசகாயாவில் மூவாயிரம் முதல் ஐயாயிரம் யென் வரை ஆகும். அசாகுசாவில் ஹோப்பி தெரு என்றே ஒன்று இருக்கிறது. ஹோப்பி 1948இல் வந்த பானம். பீர் விலை எட்டாத காலத்தில் ஷோச்சூ என்கிற ஜப்பானியச் சாராயத்தோடு கலந்து குடிக்க வந்தது. பாட்டிலும் ஷோச்சூ ஊற்றிய கிளாஸும் தனித்தனியாக வரும். கிளாஸ் காலியாகி பாட்டிலில் மீதி இருந்தால் "நாகா" என்று சொல்லுங்கள், ஷோச்சூ மட்டும் ஊற்றித் தருவார்கள். பக்கத்து மேஜைக்காரர் கேட்பதைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன். இந்த மாதிரிக் கடைகளில் பக்கத்து மேஜையைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாக்கே என்கிற அரிசி மதுவைக் குடிக்கக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். உவேனோ பக்கத்தில் ஒரு நின்று குடிக்கும் கடை. சதுர மரப்பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் கிளாஸை வைத்து, கடைக்காரர் பெரிய பாட்டிலைச் சரித்து ஊற்றிக்கொண்டே இருந்தார். கிளாஸ் நிரம்பி, வழிந்து, பெட்டியிலும் பாதி நிரம்பிய பிறகுதான் நிறுத்தினார். நான் கிளாஸைத் தூக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கையால் தடுத்தார். முதுகை வளைத்து, கிளாஸைத் தொடாமல், வாயைக் கிளாஸிடம் கொண்டுபோய் ஒரு மிடறு உறிஞ்சிக் காட்டினார். அதன் பிறகுதான் தூக்க வேண்டும். கிளாஸ் குறைந்ததும் பெட்டியில் வழிந்ததை அதில் ஊற்றிக்கொள்ளலாம். எங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் எனக்குக் குடிக்கச் சொல்லித்தந்த அந்த நிமிடத்தை எந்த டூரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. பக்கத்தில் கைடு நின்றிருந்தால் அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார், கைடுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்.

இப்போது உள்ளே பார்க்க முடியாத கடைகள். கோல்டன் காயில் பெரும்பாலானவை அப்படி. அதைவிட மூடிய கதவு ஸ்நாக்குக்கு. ஸ்நாக் என்றதும் தின்பண்டக் கடை என்று நினைத்துவிடாதீர்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி இரவு மதுக்கடைகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, சிறு உணவும் தருகிறோம் என்று சொல்லிப் பெருகிய கடைகள் இவை. கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண்மணி. எல்லாரும் அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள், அங்கே அதற்கு அம்மா என்று பொருள். ஒரு மூலையில் கரோக்கே. அலமாரியில் வாடிக்கையாளர் பெயர் எழுதிய விஸ்கி பாட்டில்கள், போன மாதம் குடித்து மீதி வைத்தவை. உட்கார்ந்தாலே மூவாயிரம் முதல் ஐயாயிரம் யென் வரை ஆகும். ஆனால் விலை வாசலில் இருக்காது.

இந்தக் கதவுகள் மூடியிருப்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏழு பேர் உட்காரும் கடையில் ஐந்து பேர் பல வருடமாக வருகிறவர்கள். வேலை முடிந்து, வீட்டுக்குப் போகும் முன் மனம்விட்டுப் பேச வருகிற திண்ணை மாதிரி அவர்களுக்கு அது. முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். தெரிந்தவர் கூட்டிக்கொண்டு வந்தால் நிற்காது. "இவர் நம்ம ஆள்தான்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். கைடுக்கு நாம் கொடுக்கும் காசு அந்த ஒரு சொல்லுக்குத்தான். வழி காட்ட போனில் மேப் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கும் ஓரளவு போன் உதவும், சுவரில் கையால் எழுதி ஒட்டிய மெனுவைத் தவிர. அந்த அறிமுகத்தை மட்டும் போன் தராது.

கோல்டன் காய் இன்னும் இருப்பதே அங்கே இருப்பவர்களின் பிடிவாதத்தால்தான். 1958இல் பாலியல் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் முழுதாக அமலாகும்வரை அந்தச் சந்துகளின் தொழில் வேறாக இருந்தது. அதன் பிறகுதான் பார்கள் பெருகின. எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் சினிமாக்காரர்களும் கூடினார்கள். 1980களில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறியபோது, இடத்தைக் காலி செய்ய வைக்கத் தீ வைப்பு நடந்தது. கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் முறை போட்டு ராத்திரி காவல் இருந்து காப்பாற்றினார்கள். மாடிப்படி அத்தனை செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பதைக் காட்டி, அந்தக் கட்டடங்கள் எந்தக் காலத்து மிச்சம் என்று எங்கள் கைடு விளக்கினார். தனியாக வந்திருந்தால் படியைப் பார்த்து ஏறுவதோடு சரி.

சரி, கைடு என்று முடிவெடுத்தால் எந்த மாதிரி டூர்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள், இங்கே கணக்கு முக்கியம். பார்க்க வேண்டிய கடையில் ஆறு முதல் எட்டு நாற்காலி. டூரில் எட்டுப் பேர் வந்தால் என்ன ஆகும்? கடை முழுக்க நாமே இருப்போம். உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லாத பாரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளூர் பாரைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் கைடு எட்டுப் பேருக்கும் இடம் இருக்கும் கடைக்குக் கூட்டிப்போவார். அந்த மாதிரிக் கடைக்கு நாமே போயிருக்கலாம். ஆகவே பதிவு செய்யும் முன் அதிகபட்சம் எத்தனை பேர் என்று பாருங்கள். கைடையும் சேர்த்து ஐந்துக்குமேல் இருந்தால் நான் பணம் கட்ட மாட்டேன். இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கும் பப் கிரால் டூர்கள் மலிவுதான். அங்கே மற்றப் பயணிகளோடு நட்பாகலாம். ஜப்பானியப் பாரைப் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: பன்னிரண்டாயிரத்தில் என்னென்ன அடக்கம்? கோல்டன் காயில் கடைக்குக் கடை 500 முதல் 1,500 யென் வரை இருக்கைக் கட்டணம் உண்டு. அது அடக்கமா, எத்தனை கிளாஸ் அடக்கம், சாப்பாடு உண்டா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தனியாகப் போனால் அங்கே மூன்று பாருக்கு ஆறாயிரம் யென் ஆகும். மீதி ஆறாயிரம்தான் கைடின் மதிப்பு என்று வைத்து யோசியுங்கள். உரிமம் பெற்ற கைடா என்று பார்ப்பது நல்லதுதான். 1949 முதல் அரசுத் தேர்வு எழுதித் தேறியவர்கள்தான் காசு வாங்கி வெளிநாட்டவருக்கு மொழிபெயர்த்து வழிகாட்டலாம் என்று இருந்தது. 2018 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது யாரும் செய்யலாம். கோயிலும் கோட்டையும் பார்க்க உரிமம் பெற்றவரைத்தான் நான் தேடுவேன். பாருக்கு அது போதாது. அந்தக் கடைகளுக்கு அவர் தன் சொந்தக் காசில் எத்தனை நாளாகப் போகிறார் என்பதைத்தான் கேட்பேன். எங்கள் கைடைக் கண்டதும் மாமா கேட்காமலே அவர் முன்னால் ஊலாங் டீயை வைத்தார். அன்றைக்கு அவர் வேலையில் இருக்கிறார் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு மட்டும் தனியாக ஒரு கைடு என்றால் செலவு நன்றாகவே ஏறும். ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதை மனதாரச் சொல்வேன். ஜப்பானில் "காய்கறி" என்று கேட்டு வாங்குவதிலும் பல நேரம் மீன் இருக்கும். தாஷி என்கிற அடிப்படைச் சாறே பெரும்பாலும் கட்சுவோபுஷி என்கிற காய்ந்த மீன் சீவலில் செய்வது. குளிர்ந்த டோஃபுவின் மேலும் அதையே தூவித் தருவார்கள். பொரித்த டோஃபு மிதப்பதும் அந்தச் சாற்றில்தான். உருளைக்கிழங்கு சாலடில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். உப்பிட்டு வேகவைத்த எடமாமே என்கிற பச்சை சோயா, சுட்ட பச்சை மிளகாய், வறுத்த கிங்கோ கொட்டை, வெட்டிய தக்காளி என்று தேடிப் பிடித்தால் வயிறு நிறையும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் நிக்கோமி என்கிற குழம்பைக் கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். மாட்டுக் குடலோ பன்றிக் குடலோ, கடைக்குக் கடை மாறும். இதையெல்லாம் அடுப்பில் நிற்பவரிடம் அவர் முகம் சுளிக்காமல் கேட்டுச் சொல்ல, தனிக் கைடு ஒருவர் இருந்தால் மாலை நிம்மதியாகப் போகும்.

குடிக்காதவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஊலாங் டீ இல்லாத கடையை நான் பார்க்கவில்லை. இருக்கைக் கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே சட்டப்படி மேஜராகும் வயது 2022 முதல் 18 என்றாலும் மது அருந்த 20 ஆக வேண்டும். சின்னக் கடைகள் பலவற்றில் இன்னும் புகைபிடிக்க அனுமதி உண்டு, அந்தக் கடைகளுக்குள் 20 வயதுக்குக் குறைந்தவர்களை விட மாட்டார்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு என் யோசனை: முதல் இரவு சின்ன டூரில் போங்கள், அடுத்த இரவு வெளிச்சமான யோகோச்சோவுக்குத் தனியாகப் போங்கள். கவுன்டரில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஜப்பானியப் பெண்கள் அங்கே சாதாரணம்.

அலுவலக நண்பரோ உறவுக்காரரோ கூட்டிக்கொண்டு போனால் அதற்கு ஈடே இல்லை. அப்படி ஒருவர் அமைந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே நம் கிளாஸை நாமே நிரப்பிக்கொள்வதில்லை. அவருடையதை நாம் நிரப்ப வேண்டும், நம்முடையதை அவர் நிரப்புவார்.

தெருவில் தானாக வந்து பேசுகிறவரை மட்டும் கைடு என்று நம்பி எங்கேயும் போய்விடாதீர்கள். "நல்ல பார் காட்டுகிறேன், ஓர் ஆளுக்கு மூவாயிரம்தான்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார். உள்ளே போனதும் பில் பத்து மடங்காகும். ஆள்பிடித்துக் கூட்டிப்போவதற்கே டோக்கியோவில் தடை உண்டு. ஷின்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் ஒலிபெருக்கி வைத்து எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கோல்டன் காய் அதே கபுகிச்சோவின் ஓரத்தில்தான் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் வழியில் இவர்களைக் கடந்துதான் போக வேண்டும். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

டோக்கியோ இல்லாமல் ஃபுகுவோகா போகிறீர்கள் என்றால் கைடுக்குச் செலவழிக்கவே வேண்டாம். நகாசு ஆற்றங்கரையிலும் தென்ஜின் தெருக்களிலும் சாயங்காலம் தள்ளுவண்டிகளை இழுத்துவந்து கடை விரிப்பார்கள். யாதாய் என்று பெயர். மொத்தம் நூறு இருக்கும், ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ராமென் சாப்பிடலாம். 2013இல் மாநகராட்சி இவற்றுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. கடையில் சுவரே இல்லை, திரையை விலக்கி உட்கார வேண்டியதுதான்.

கடைசியாக, எந்த நாள், எத்தனை மணி? ஊருக்குத் திரும்பும் முந்தைய இரவில் பலர் கைடை வைத்துக்கொள்கிறார்கள். அதை முதல் இரண்டு இரவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கதவை எவ்வளவு திறப்பது, யாரைப் பார்த்துத் தலையசைப்பது, எப்போது எழுந்துகொள்வது என்று பார்த்துக்கொண்டால் மீதி இரவுகளுக்கு அது பயன்படும். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கும் டூராகப் பாருங்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி இருக்கும், அதைத் தவறவிட்டால் அடுத்தது காலை ஐந்து மணி அளவில்தான். டாக்ஸிக்கு இரவுக் கட்டணம் கூடுதல். சின்னக் கடைகள் பலவற்றில் கார்டு செல்லாது, நோட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கைடு பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் குனிந்து விடைபெற்றார். தம்பதி ஹோட்டலுக்குப் போனார்கள். கடைசி ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் திரும்பி அந்தச் சந்துக்கே நடந்தேன். முதல் நாள் திறக்காமல் வந்த கதவைக் கண்டுபிடித்து, ஒரு சாண் திறந்து, ஒரு விரலைக் காட்டினேன். அது நகர்த்தித் திறக்கும் கதவு.